அத்தியாயம் 9: கேரவனுக்கு ஒரு டிஷ்

வீட்டு மாடியில் டிஷ் பொருத்த வரும் ஆள் ஒருமுறை வந்து போனால் பல வருடம் அந்தப் பக்கம் வரவேண்டியதில்லை. கேரவனில் அப்படி முடியாது. இன்று ராத்திரி ஒரு ஊர், நாளை ராத்திரி வேறு ஊர். ஒவ்வொரு இடத்திலும் நீங்களேதான் மெக்கானிக். பயப்பட ஒன்றுமில்லை. முதல் முறை ஒரு மணி நேரம்கூட இழுக்கலாம். கை பழகியபின் அடுப்பில் வைத்த டீ கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஊர் சுற்றப் போன இடத்தில் டிவி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் இரண்டு குழந்தைகளோடு வேனுக்குள் அடைந்து கிடந்து பார்த்தால் கேட்கமாட்டார்கள். கடலோரம் தங்கும்போது புயல் செய்திக்கும் அது வேண்டும். காட்டோரத்தில், மலை மடிப்பில் மொபைல் சிக்னல் போய்விடும். டிஷ்ஷுக்கு டவர் தேவையில்லை. தென்கிழக்கு வானம் மறைவில்லாமல் தெரிந்தால் போதும்.

நிறுத்திய வண்டிக்கு வெளியே டிஷ்ஷை நிறுத்தி, உள்ளே படம் பார்ப்பதற்கான வழி மட்டும் இங்கே. ஓடும் வண்டியில் பார்ப்பதற்கான கருவிகள் விலையிலும் வேலையிலும் வேறு ரகம்.

எதை வாங்குவது

டிஷ்: 60 அல்லது 65 செ.மீ. அளவு போதும். அதைவிடச் சின்னது தூக்க எளிது. ஆனால் முதல் தூறலிலேயே படம் கட்டம் கட்டமாக உடையும். பெரியதைக் காற்று தள்ளிவிடும். வாங்கும்போது டிஷ்ஷின் பின்னால் உள்ள தாங்கியில் பொறித்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள். அது 70 டிகிரிக்கு மேல் போகவேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து தள்ளியிருக்கும் நாடுகளுக்காகச் செய்த சில தாங்கிகள் அவ்வளவு உயரம் எழும்பாது. தமிழ்நாட்டில் அது உதவாது.

கால்: மூன்று கால் ட்ரைபாட், இரும்பில். அலுமினியம் இலகுவாக இருக்கும். ஆனால் இங்கே கனம்தான் வேண்டும். நடுக்கம்பத்தின் குழாய் உருண்டையாகவும் நசுங்காமலும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி): 'யுனிவர்சல்' என்று எழுதியிருக்கும் சாதாரண எல்என்பி. அதன்மேல் 9750/10600 என்ற எண்கள் இருக்கும்.

செட்-டாப் பாக்ஸ்: மாதச் சந்தா இல்லாமல் பார்க்க டிடி ஃப்ரீ டிஷ் பாக்ஸ் வாங்கலாம். எம்பெக்-4 பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸில் எல்லா சேனலும் வராது. ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ் குறைவு, டிடி தமிழ் உண்டு. சீரியலும் புதுப் படமும் வேண்டுமென்றால் சந்தா பாக்ஸ்தான் வழி. வீட்டில் இருக்கும் சந்தா பாக்ஸைக் கழற்றி எடுத்துப் போக நினைத்தால், பதிவு செய்த முகவரிக்கு வெளியே அதைப் பயன்படுத்த நிறுவனத்தின் விதி இடம் தருகிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

பாக்ஸின் பவர் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை குறைந்தது. ஏன் என்பதை மின்சாரப் பகுதியில் சொல்கிறேன்.

இவற்றோடு ஆர்ஜி-6 கேபிள் 15 மீட்டர், எஃப் கனெக்டர் நாலைந்து, ஒரு ரசமட்டம், ஒரு திசைகாட்டி, இரண்டு ஸ்பேனர், இன்சுலேஷன் டேப். சிக்னல் மீட்டர் இருந்தால் நல்லது; இல்லாமலும் முடியும்.

*எச்சரிக்கை:* அமெரிக்காவில் கேரவன்காரர்கள் கூரையில் வைக்கும் கூண்டு மாதிரி ஆன்டெனா ஒன்று உண்டு. பட்டனைத் தட்டினால் தானே செயற்கைக்கோளைத் தேடிக்கொள்ளும். வின்கார்டு போன்ற கம்பெனிகள் செய்பவை. அங்கிருந்து வரும் உறவினர் ஒன்றைக் கொண்டுவந்து தருகிறேன் என்றால், அன்போடு மறுத்துவிடுங்கள். அந்த ஊர் டிடிஎச் சேவைகள் சுழலும் அலையில் வருகின்றன. நம்முடையவை நிமிர்ந்த, கிடந்த என்ற இரண்டு நேர் அலைகளில் வருகின்றன. அலைவரிசையும் வேறு. போதாததற்கு, அதன் நினைவில் இருப்பதெல்லாம் அந்த ஊர்ச் செயற்கைக்கோள்கள். இங்கே அது கூரைக்கு அலங்காரம்.

மூன்று எண்கள் போதும்

டிவி செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவப்பட்ட அது, 93.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு மேலே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தென்கிழக்கு, அதாவது வீட்டில் அக்னி மூலை என்று சொல்வோமே, அந்தப் பக்கம். கிட்டத்தட்ட உச்சிக்கு அருகே.

அதைப் பிடிக்க மூன்று எண்கள் தேவை. முதலாவது திசை: வடக்கை 0 என்று வைத்து, கிழக்கு வழியாகச் சுற்றி எத்தனை டிகிரி என்பது. இரண்டாவது உயரம்: அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே. மூன்றாவது திருப்பம்: எல்என்பியை அதன் பிடிக்குள் எவ்வளவு சுழற்றவேண்டும்.

ஜிசாட்-15க்கு, அந்த வரிசையிலேயே:

- சென்னை: 134, 68, 45
- பெங்களூரு: 128, 66, 50
- கோவை: 123, 67, 56
- கொடைக்கானல்: 122, 68, 57
- இராமேஸ்வரம்: 123, 70, 56
- கன்னியாகுமரி: 116, 69, 63
- பனாஜி: 127, 61, 51
- ஜெய்சல்மேர்: 137, 50, 37
- லே: 153, 47, 22

சந்தா பாக்ஸ் வைத்திருந்தால் கோளும் மாறும், எண்களும் மாறும். சென்னையில் நிற்கும் டாடா ப்ளே டிஷ் (83 டிகிரி கிழக்கு) திசை 168, உயரம் 74 என்று பார்க்கவேண்டும், ஏர்டெல் டிஷ் (108.2 டிகிரி கிழக்கு) திசை 113, உயரம் 54. மற்ற நிறுவனங்களின் கோள் எது என்பதை பாக்ஸ் வாங்கும்போதே கேட்டு, பாக்ஸின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மேலே உள்ள பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். தமிழ்நாட்டு ஊர்களில், சென்னை முதல் கன்னியாகுமரி வரை, உயரம் 67க்கும் 70க்கும் இடையிலேயே இருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டுக்குள் சுற்றும்வரை தாங்கியை 68இல் முடுக்கிவிட்டால், ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு டிகிரிதான் தொடவேண்டியிருக்கும்.

இதற்குள்ளே இன்னொரு சங்கதி இருக்கிறது. பெரும்பாலோர் திசைகாட்டியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள். கோள் உச்சிக்கு அருகே இருக்கும்போது பக்கவாட்டுத் திசையில் வரும் பிழை வானத்தில் சுருங்கிவிடும். 68 டிகிரி உயரத்தில், கம்பத்தில் டிஷ்ஷை 3 டிகிரி திருப்பினால் வானத்தில் அது நகர்வது 1 டிகிரியை ஒட்டித்தான். உயரத்தில் வரும் பிழைக்கு இந்தச் சலுகை கிடையாது. 1 டிகிரி என்றால் முழுதாக 1 டிகிரி. 60 செ.மீ. டிஷ்ஷில், மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட ஒரு செ.மீ. அதிகம் சாய்ந்தாலே அந்த 1 டிகிரி போய்விடும். அடுத்த செயற்கைக்கோள் ஒன்று 95 டிகிரியில், அதாவது ஒன்றரை டிகிரி தள்ளி நிற்கிறது.

ஆகவே தெற்கே இந்த வேலையில் முக்கால் பங்கு ரசமட்டத்தில் இருக்கிறது. கம்பம் செங்குத்தாக நிற்காவிட்டால் தாங்கியின் அளவுகோல் காட்டும் 68 பொய். கம்பம் 2 டிகிரி சாய்ந்திருந்தால், டிஷ்ஷை எத்தனை சுற்று சுற்றினாலும் கோளின் மேலேயோ கீழேயோ தடவிக்கொண்டிருப்பீர்கள்.

மின்சாரம்

முதல் விதி: வண்டியைக் கிளப்பும் பேட்டரியில் டிவியைப் போடாதீர்கள். காலையில் வண்டி கிளம்பாது. உட்புற உபயோகத்துக்கு என்று தனி பேட்டரி வேண்டும். அதைப் பொருத்துவது பற்றி 5ஆம் அத்தியாயத்தில் பார்த்தோம்.

கணக்கு எளிது. 24 இஞ்ச் எல்ஈடி டிவிக்கு சுமார் 30 வாட், செட்-டாப் பாக்ஸுக்கு சுமார் 10 வாட், ஆகமொத்தம் 40. அதை 12ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர். மூன்று மணி நேரம் பார்த்தால் 10 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது. ஆக 50 உங்கள் கையில். விளக்கும் விசிறியும் போக டிவிக்கு இடம் இருக்கிறது.

இன்வெர்ட்டர் போட்டு 230 வோல்ட் ஆக்கி, அதிலிருந்து அடாப்டர் வழியாக மறுபடி 12 வோல்ட் ஆக்குவது வீண் சுற்று. இரண்டு மாற்றத்திலும் மின்சாரம் சூடாகப் போகிறது. டிவி அணைந்திருக்கும்போதுகூட இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும். சோலார் வீடுகளுக்கு என்று விற்கும் 12 வோல்ட் டிவியும், 12 வோல்ட் பாக்ஸும் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆனால் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்துச் செருகிவிடாதீர்கள். பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டுக்கு மேல் போகும். நடுவே, 12 வோல்ட்டை நிலையாகத் தரும் டிசி கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். பஸ், லாரி சேஸிஸில் கட்டிய கேரவன் என்றால் அங்கே பெரும்பாலும் 24 வோல்ட் இருக்கும். அதில் 12 வோல்ட் பாக்ஸைச் செருகினால் அன்றோடு பாக்ஸ் முடிந்தது. செருகும் முன் மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்துவிடுங்கள். கூட்டல் முனை, கழித்தல் முனை எது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டரியின் கூட்டல் முனைக்குப் பக்கத்திலேயே 7.5 ஆம்பியர் ஃபியூஸ். டிவிக்கு அருகே போடும் ஃபியூஸ் டிவியைக் காக்கும், வயரைக் காக்காது. எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிப்பது வயரில்தான்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதை வண்டிக்கு உள்ளேயோ, திறந்த ஜன்னலுக்கு அருகிலோ, கூடாரத் துணிக்கு அடியிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. டிவி பார்த்தபடியே தூங்கிப் போகும் வண்டியில் அது உயிரை எடுத்துவிடும்.

இடம் பார்ப்பது

வண்டியை நிறுத்தும் முன்பே இதை யோசியுங்கள். நிறுத்தி, கட்டை வைத்து, படுக்கை விரித்தபின் யோசிப்பதில் பயனில்லை.

கோள் உயரத்தில் இருப்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த மரம் தென்கிழக்கே இருந்தால், அதன் விளிம்பிலிருந்து 4 மீட்டருக்குச் சற்று மேல் தள்ளி நின்றாலே போதும். பார்வை மரத்துக்கு மேலே போய்விடும். அதே மரம் லேயில் இருந்தால் கிட்டத்தட்ட பத்து மீட்டர் தள்ளவேண்டும். ஊட்டியின் தைல மரங்களுக்கு நடுவே நிற்கும்போதும் தலைக்கு மேல் தென்கிழக்காக ஒரு ஓட்டை தெரிந்தால் முயன்று பார்க்கலாம். இலைகளுக்கு ஊடாகப் பிடித்துவிடலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். ஈர இலை சிக்னலை விழுங்கும்.

டிஷ்ஷை வண்டியின் தென்கிழக்குப் பக்கம் வைப்பதே சுலபம். வேறு வழியில்லாமல் எதிர்ப்பக்கம் வைத்தால், மூன்று மீட்டர் உயர வண்டியிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள். வெயிலுக்கு விரிக்கும் வெளிப்பந்தலுக்கு அடியில் வைக்காதீர்கள்.

தவிர்க்கவேண்டிய இடங்கள் மூன்று. மின்கம்பிக்குக் கீழேயும் அருகேயும் கூடாது. ட்ரைபாட் குட்டைதானே என்று நினைக்கலாம். அதைப் பொருத்தும்போது கம்பத்தை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள், ஆபத்து அங்கேதான். தென்னை மரத்தடி கூடாது; தேங்காயும் மட்டையும் டிஷ்ஷையும் பார்க்காது, உங்கள் தலையையும் பார்க்காது. ஆட்கள் நடக்கும் பாதையும் கூடாது.

*குறிப்பு:* மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடம் படம் போய்விடும். சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வருவதால் நேரும் இடைஞ்சல் அது. எதையும் திருகாதீர்கள், தானே சரியாகும். அந்த நாட்களில் உங்களுக்கு ஓர் ஆதாயமும் உண்டு. சூரியன் அப்போது நிற்கும் இடம்தான் ஜிசாட்-15 நிற்கும் இடம். வண்டி நிற்கும் தரையில் அப்போது எங்கெல்லாம் வெயில் விழுகிறதோ, அங்கெல்லாம் டிஷ் வைக்கலாம்.

பொருத்தும் வரிசை

வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படி சரியாக இருப்பதை நம்பித்தான் நிற்கிறது.

1. வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பாக்ஸும் டிவியும் அணைந்தே இருக்கட்டும்.

2. ட்ரைபாட்டின் கால்களை முழுதாக விரியுங்கள். கடற்கரை மணலிலும் ஈர மண்ணிலும் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் அரை மணியில் ஒரு கால் இறங்கிவிடும்.

3. ரசமட்டத்தைக் கம்பத்தின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பிறகு கால் சுற்று நகர்த்தி இன்னொரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு அதுதான். சாய்ந்திருந்தால் காலுக்கு அடியில் தட்டைக் கல் வைத்துச் சரிசெய்யுங்கள். ரசமட்டம் இல்லையா, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போல நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டாலும் வேலை ஆகும்.

4. பத்து லிட்டர் தண்ணீர் கேனை ட்ரைபாட்டின் நடுவே தொங்கவிடுங்கள். தொங்கவிட்டபின் ரசமட்டத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

5. டிஷ்ஷைக் கம்பத்தில் ஏற்றுங்கள். கம்பத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளை, டிஷ் கையால் தள்ளினால் திரும்பும், விட்டால் நிற்கும் என்ற அளவுக்கு முடுக்குங்கள்.

6. தாங்கியின் அளவுகோலில் உங்கள் ஊரின் உயரத்தை வையுங்கள். டிஷ்ஷின் முகத்தில் கோணமானியை வைத்து அளக்காதீர்கள். இந்த டிஷ்கள் தம் முகம் பார்க்கும் இடத்தைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்திலிருந்து சிக்னலை வாங்குமாறு செய்யப்பட்டவை. 68க்கு வைத்தபின்னும் டிஷ் என்னவோ பாதி உயரத்தைத்தான் பார்ப்பதுபோல் தெரியும். தப்பாகிவிட்டதோ என்று மேலே சாய்க்காதீர்கள். அளவுகோல் அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது.

7. எல்என்பியைத் திருப்புங்கள். டிஷ்ஷுக்குப் பின்னால், அது பார்க்கும் பக்கத்தையே பார்த்து நின்றுகொள்ளுங்கள். பெரும்பாலான எல்என்பிகளில் கேபிள் செருகும் முனை நேர் கீழே, கடிகாரத்தின் 6 இருக்கும் இடத்தில் இருந்தால் அது 0. அங்கிருந்து 5, 4 என்ற பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பவேண்டும். சென்னையில் நாலரை, கன்னியாகுமரியில் ஏறக்குறைய 4. இதை எதிர்ப்பக்கம் திருப்பினால் சென்னையில் சரியாக 90 டிகிரி பிசகிவிடும். நிமிர்ந்த அலையை எதிர்பார்க்கும் இடத்தில் கிடந்த அலை வரும். எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் வராமல் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

8. கேபிளை எல்என்பியில் செருகுங்கள், பிறகு பாக்ஸின் பின்னால் செருகுங்கள். பாக்ஸ் அணைந்திருக்கும்போதுதான் இதைச் செய்யவேண்டும். எல்என்பிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் இதே கேபிள் வழியாகத்தான் போகிறது. ஓடும்போது செருகினால் கனெக்டர் உரசி ஷார்ட் ஆகி பாக்ஸ் கெடலாம்.

9. டிவியையும் பாக்ஸையும் போட்டு, மெனுவில் சிக்னல் காட்டும் பக்கத்துக்குப் போங்கள். இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று வலிமை, மற்றது தரம். வலிமையை மறந்துவிடுங்கள். எல்என்பி செருகியிருந்தாலே அது பாதிக்கு ஏறி நிற்கும். தரம் பட்டைதான் உங்கள் கண்.

10. வண்டியின் தகரத்திலிருந்து நன்றாகத் தள்ளி நின்று திசைகாட்டியைப் பாருங்கள். தகரம் முள்ளை இழுக்கும். காந்தம் வைத்த மொபைல் உறையும் இழுக்கும். டிஷ்ஷை உங்கள் எண்ணுக்கு இருபது டிகிரி கிழக்கே திருப்பி வையுங்கள்.

11. அங்கிருந்து தெற்குப் பக்கமாக மெல்ல நகர்த்துங்கள். எல்என்பியின் முனை ஒரு விரல் அகலம் நகர்ந்ததும் நிறுத்துங்கள்; மூன்று விநாடி காத்திருங்கள்; பிறகு அடுத்த விரல் அகலம். பாக்ஸ் சிக்னலை அடையாளம் காண அந்த நேரம் வேண்டும். வேகமாகத் திருப்பினால் கோளைத் தாண்டிப் போனதே தெரியாது.

12. நாற்பது டிகிரி கடந்தும் தரம் ஏறவில்லையென்றால் உயரத்தை 1 டிகிரி கூட்டி, திரும்ப ஒரு சுற்று. பிறகு முதல் எண்ணிலிருந்து 1 டிகிரி குறைத்து ஒரு சுற்று. அதற்குமேல் போகாதீர்கள், கம்பம் சாய்ந்திருக்கிறது, 3ஆம் படிக்குத் திரும்புங்கள்.

13. தரம் துள்ளியதும் நிறுத்துங்கள். சேனல் ஒன்றைப் போட்டு, வந்திருப்பது உங்கள் கோள்தானா என்று பாருங்கள். பக்கத்துக் கோளில் நின்றால் வலிமை நிறைய இருக்கும், தரமோ சேனலோ வராது.

14. இப்போது மெருகு: திசையில் கொஞ்சம், உயரத்தில் கொஞ்சம், கடைசியில் எல்என்பி திருப்பத்தில் கொஞ்சம். ஒவ்வொன்றையும் தரம் குறையும்வரை ஒரு பக்கம், குறையும்வரை மறுபக்கம் தள்ளி, நடுவில் நிறுத்துங்கள்.

15. போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கால் சுற்று கால் சுற்றாக முடுக்குங்கள். ஒரே பக்கம் முடுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும். முடுக்கும்போதும் பட்டையில் கண் இருக்கட்டும்.

இருவர் இருந்தால் ஒருவர் உள்ளே பட்டையைப் பார்த்து எண்ணைச் சொல்லட்டும். "ஏறுது", "இறங்குது" என்று கத்துவதைவிட எண்ணைச் சொல்வது மேல், "கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்" என்பதில் தம்பதிகளுக்குள் சண்டை வந்த கதைகள் ஏராளம். தனியாகப் போனால் டிவியை வாசல் பக்கம் திருப்பி வையுங்கள்.

*குறிப்பு:* நல்ல படம் வந்த அன்றே தாங்கியிலும் எல்என்பியிலும் அழியாத மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த ஊரில் 6, 7ஆம் படிகள் கோட்டுக்குக் கோடு சேர்ப்பதோடு முடியும்.

கேபிள்

படம் வராமல் போவதற்குக் கோளுக்கு அடுத்த காரணம் எஃப் கனெக்டர்தான். கேபிளைச் சீவும்போது வெளிப்பின்னலின் ஓர் இழை உள்கம்பியைத் தொட்டால் போதும், எல்என்பிக்கு மின்சாரம் போகாது. சீவியபின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்கம்பி கனெக்டரின் வாயிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கவேண்டும்.

கேபிளைக் கதவிடுக்கில் வைத்து நசுக்காதீர்கள். நசுங்கிய இடத்தில் சிக்னல் கசியும். ஜன்னல் இடுக்குக்கு என்று தட்டையான இணைப்புத் துண்டு கிடைக்கிறது. வண்டிச் சுவரில் ஓர் இணைப்பி பொருத்திவிட்டால் இன்னும் நல்லது. கூரையில் துளை போடுவது கடைசி வழி. ஒழுக்கு அங்கேதான் தொடங்கும். கேபிள் வண்டிக்குள் நுழையும் முன் கீழே தொய்ந்து, பிறகு மேலேறி நுழையட்டும். மழைநீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும், உள்ளே வராது.

தரையில் கிடக்கும் கேபிளில் குழந்தைகள் தடுக்கி விழுந்தால் டிஷ்ஷும் விழும். பளிச்சென்ற துணி ஏதாவது கட்டிவிடுங்கள்.

படம் வரவில்லையென்றால்

வலிமை, தரம் இரண்டுமே பூஜ்யம்: கேபிள் அல்லது கனெக்டர். வேறொரு துண்டு கேபிள் போட்டுப் பாருங்கள்.

வலிமை இருக்கிறது, தரம் இல்லை: தப்பான கோள், அல்லது எல்என்பி தப்பான பக்கம் திரும்பியிருக்கிறது.

சில சேனல் வருகிறது, சில வரவில்லை: எல்என்பி திருப்பம் கொஞ்சம் பிசகு; அல்லது பாக்ஸில் சேனல்களை மறுபடி தேடவேண்டும்.

நேற்று வந்தது, இன்று இல்லை: டிஷ்ஷைத் தொடாதீர்கள். முதலில் ரசமட்டத்தை வையுங்கள். ஏதோ ஒரு கால் இறங்கியிருக்கும்.

தொட்டால் சுருக்கென்கிறது: உடனே 230 வோல்ட் இணைப்பைப் பிடுங்குங்கள். வெளி மின்சாரத்தில் ஓடும் அடாப்டர் கசிந்து, கேபிளின் உறை வழியாக டிஷ்வரை வந்திருக்கலாம். எர்த்தைச் சோதிக்காமல் மறுபடி செருகாதீர்கள்.

மழையும் இடியும்

பலத்த மழையில் படம் போவது டிஷ்ஷின் குற்றமல்ல. இந்த அலைவரிசைக்கு மழை ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மழை விட்டதும் எல்என்பியின் முகத்தில் நிற்கும் துளிகளைத் துடையுங்கள். மழை நேரத்தில் டிஷ்ஷைத் திருகி 'சரிசெய்ய' முயல்வது வீண். மழை விட்டபின் அதைத் திரும்பவும் தேடவேண்டியிருக்கும்.

இடியில் விளையாட்டில்லை. தூரத்தில் முழங்கும்போதே கேபிளை வண்டியின் வெளிப்பக்கத்தில் கழற்றித் தள்ளிப் போடுங்கள். முழக்கம் கிட்டே வந்தபின் டிஷ் பக்கம் போகாதீர்கள். அது போனால் போகட்டும். கோடை மழையின் இடிதான் எதிர்பாராமல் வரும்; சித்திரை வைகாசியில் சாயங்காலம் மேகம் கறுத்தால் டிவியை நிறுத்திவிடுவது உத்தமம்.

காற்று ட்ரைபாட்டை அசைக்கத் தொடங்கினால் கூடுதல் கேன் தொங்கவிடாதீர்கள். டிஷ்ஷைக் கழற்றிப் படுக்க வையுங்கள்.

கிளம்பும் முன்

பாக்ஸை அணையுங்கள், கேபிளை இரு முனையிலும் கழற்றுங்கள், முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல் பெரிய வட்டமாகச் சுருட்டுங்கள். எல்என்பியைத் தனியே கழற்றி, பழைய துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். டிஷ்ஷை ஒரு போர்வைக்குள் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். அதன்மேல் சாமான் ஏற்றினால் வளையும், வளைந்த டிஷ் திரும்ப உருப்படாது.

டிஷ்ஷை வெளியே மறந்துவிட்டு வண்டியை எடுப்பதுதான் இதில் கடைசித் தவறு. கேபிள் இழுத்து, சுவர் இணைப்பியும் பிய்ந்து, பாக்ஸும் கீழே விழும். அதற்கு ஒரே மருந்து: டிஷ் வெளியே நிற்கும்வரை வண்டிச் சாவி செட்-டாப் பாக்ஸின் மேலேயே இருக்கட்டும்.